வனிலாவுக்கு நான் எழுதிய பலகை

வனிலாப் பூ ஒரே ஒரு காலைதான் திறந்திருக்கும். விடியும்போது விரியும், பதினொரு மணிக்கெல்லாம் சோர்ந்துவிடும், பின்னேரம் தொட்டால் காம்போடு கையில் வரும். அந்த நாலைந்து மணி நேரத்துக்குள் யாராவது அதன் முன்னால் நின்று, ஈர்க்குக் குச்சியால் உள்ளே இருக்கும் சின்ன மடலைத் தூக்கி, மகரந்தத்தைப் பெண் பாகத்தில் அழுத்திவிட வேண்டும். இல்லையென்றால் அந்தப் பூ வீண். இதற்காகவே எட்டுப் பெண்கள் வருஷத்தில் மூன்று மாதம் ஞாயிறு, பௌர்ணமிப் போயா, திருநாள் எதுவும் பார்க்காமல் அந்தத் தோட்டத்தில் நிற்போம். நானும் அவர்களில் ஒருத்தி. இன்னமும் நிற்கிறேன்.

தோட்டம் மாத்தளையிலிருந்து நாலந்தாவுக்குப் போகும் பெரிய ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. மிளகு, வெற்றிலை, சாதிக்காய், கறுவா, கொக்கோ, ஏலம் என்று எல்லாமே உண்டு. சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வான்கள் வரும். முதலாளிக்கு மற்றதெல்லாம் பயிர், வனிலா மட்டும் உயிர். பூக்கிற காலத்தில் அவர் சாப்பாட்டுக்குக்கூட உட்கார மாட்டார்.

பூவுக்குள் ஆண் பாகமும் இருக்கிறது, பெண் பாகமும் இருக்கிறது. நடுவில் நகத்தின் அளவுகூட இல்லாத ஒரு மடல். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமல், வேறு பூவிலிருந்து வரட்டும் என்று பரிணாமம் போட்டுவைத்த தடுப்பு அது. சொந்த ஊரான மத்திய அமெரிக்கக் காட்டில் தேனீக்கள் அந்தத் தடுப்பைத் தாண்டி வேலையை முடித்துவிடுமாம். அங்கிருந்து கொண்டுபோனவர்கள் கொடியைக் கொண்டுபோனார்கள், தேனீயை விட்டுவிட்டார்கள். நம்முடைய தேனீ அந்தப் பூவைத் திரும்பியும் பார்ப்பதில்லை. எனக்கு அந்த மடலைத் தூக்கும்போதெல்லாம் ஏனோ எரிச்சல் வரும். ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கணக்கான தடவை எரிச்சல் வந்தால் மனுசி எப்படி இருப்பாள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனது. அந்த மயிரிழையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாத்தளை டவுனில் பழைய புத்தகம் விற்கிற இடத்தில் வாங்கிய அட்டை இல்லாத தாவரவியல் புத்தகம் ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதைப் பார்த்துத்தான் முதலாளி ஒரு நாள், செடிகளுக்குப் பெயர்ப் பலகை எழுதச் சொன்னார். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயர், அதற்குக் கீழே குடும்பம். பச்சைப் பலகை, வெள்ளைப் பெயின்ட். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாகச் செய்த வேலை வேறு இல்லை.

பள்ளிக்கூடத்தில் பூக்கும் தாவரத்தை ஒருவித்திலை, இருவித்திலை என்று இரண்டு பெட்டியில் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் எங்கள் தோட்டத்துப் பெரிய மனிதர்களான மிளகும் வெற்றிலையும் சாதிக்காயும் கறுவாவும் அந்த இரண்டு பெட்டியிலும் சரியாக அடங்காதவை. அவை மற்றவற்றுக்கு முன்பே பிரிந்துபோன ஒரு பழைய கிளை. இதைப் படித்த அன்று நான் மிளகுக் கொடிக்கு முன்னால் போய் நின்று மரியாதையாகப் பார்த்தேன். வனிலாவோ இவற்றுக்கெல்லாம் ரொம்பத் தூரம். அது ஓர்கிட். மிளகைவிடத் தென்னையும் வாழையும்தான் அதற்குக் கிட்டின சொந்தம்.

இப்போது ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்குத் தீட்டு ஆகாது என்பார்கள். மாதவிடாய் நாளில் பெண் பக்கத்தில் போனால் கொடி கருகிவிடும் என்று தமிழரும் சொல்வார்கள், சிங்களவரும் சொல்வார்கள். அதில் மட்டும் சண்டையே இல்லை. முதலாளி வெற்றிலைக்கு இருந்த சட்டத்தை மிளகுக்கும் வைத்தார். வனிலா நட்டதும் அதற்கும் வைத்தார். மூன்றும் கிளிரிசீடியா மரத்தைப் பிடித்து ஏறுகின்றன, மூன்றும் கணுவில் வேர் விடுகின்றன, ஆகவே மூன்றும் ஒரே சாதி என்பது அவர் கணக்கு. மிளகையும் வெற்றிலையையும் சேர்த்ததில் அவர் சொன்னது சரி, இரண்டும் ஒரே பேரினம். வனிலாவைச் சேர்த்ததுதான் பிழை. ஏறுவது பழக்கம், உறவு இல்லை. வெளிச்சத்துக்காக மரத்தைப் பிடித்து ஏறும் வித்தையை எத்தனையோ குடும்பங்கள் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

சட்டப்படி அந்த நாட்களில் நாங்கள் தோட்டத்தின் முன் கேட் வழியாக உள்ளே வரக்கூடாது. பின்பக்கமாகச் சுற்றி ஷெட்டுக்குப் போய், உட்கார்ந்து சாதிக்காய் உரிக்க வேண்டும். கொட்டையைப் பிடித்திருக்கும் சிவப்பு வலையை, அதை இங்கே வசவாசி என்போம், உடையாமல் கழற்றிக் காய வைக்க வேண்டும். மரத்துக்குத் தீட்டு இல்லையாம். உண்மையில் மிளகுக்கு வனிலாவைவிடச் சாதிக்காய்தான் நெருங்கின சொந்தம். முதலாளியிடம் இதைச் சொன்னால் ஷெட்டையும் பூட்டிவிடுவார் என்று நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு தடவைதான் எனக்குப் புத்தி இருந்தது.

ஷெட்டில் நிழல் உண்டு, பெஞ்சு உண்டு, பிளேன்டீ உண்டு. யாரும் நாள் எண்ணிப் பார்ப்பதில்லை, எந்த ஆண்பிள்ளை எண்ணுவான்? மூன்று நாள் ஐந்து நாளாகும். எங்களில் மூத்தவளான சிங்களப் பெண் ஒருத்தி, லொகு அக்கா, பெரியக்கா, என்று கூப்பிடுவோம், பேரப்பிள்ளை எடுத்தவள். அவளும் மாதம் தவறாமல் மூன்று நாள் ஷெட்டில் வந்து உட்காருவாள். எங்கள் யாருக்கும் சிரிப்பு வராமல் இல்லை. ஆனால் யாரும் ஒரு வார்த்தை வெளியே விட்டதில்லை.

நான் மட்டும் அந்த ஷெட்டில் பொருமிக்கொண்டிருப்பேன். படித்தவள், என்னைப் பார்த்தால் ஒரு ஓர்கிட் கருகும் என்கிறார்களே என்று உள்ளே கொதிக்கும். உட்கார்ந்திருப்பது ஓய்வாக எனக்குத் தெரியவில்லை, தண்டனையாகத்தான் தெரிந்தது.

ஒரு பூக்காலத்தில், பூ உச்சத்தில் இருந்த வாரம், நாலு பேர் ஒரே நேரத்தில் ஷெட்டில் இருந்தார்கள். நான் வனிலாவுக்குப் பலகை எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார்.

"பாதிப் பூ கொட்டிப்போச்சு புள்ள. நாலு பேர் அங்க குந்திக்கிட்டு இருக்காளுங்க. நான் யாரப் போய்க் கேக்கிறது?"

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். வைத்திருக்கக் கூடாது.

"மொதலாளி, வனிலாவுக்கும் வெத்தலைக்கும் ஒறவே இல்லைங்க. இது ஓர்கிட்."

"ஓர்கிட்டா? டவுன்ல வீட்டு முன்னால தொங்கவிட்டிருக்காங்களே, அதா?"

"அதே கூட்டந்தாங்க. நீங்களே பாருங்க."

மிளகு இலை ஒன்றைப் பறித்து, கீழே காய்ந்து கிடந்த வனிலா இலை ஒன்றையும் பொறுக்கி வந்தேன். மிளகு இலையில் காம்படியிலிருந்து வளைந்து வளைந்து போகிற நரம்புகளைக் காட்டினேன். காய்ந்த வனிலா இலையை வெயிலுக்கு நேரே பிடித்து, தென்னோலை மாதிரி நேர்கோடாக ஓடும் நரம்புகளைக் காட்டினேன். மிளகுப் பூவுக்கு இதழே இல்லை, வெறும் திரி. வனிலாவுக்கோ வெளியே மூன்று, உள்ளே மூன்று, உள்ளே இருப்பதில் ஒன்று குழலாகச் சுருண்டு நிற்கும். எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். பரீட்சை மண்டபத்தில் சொல்லக் கிடைக்காததெல்லாம் அன்றைக்கு வந்தது.

"அப்ப இது தென்ன, வாழ பக்கமா?"

"ஆமாங்க."

"தென்னைக்குத் தீட்டு இல்ல. வாழைக்கும் இல்ல." அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, இத்தன நாளா ஒருத்தரும் எனக்குச் சொல்லலையே!"

மறுநாள் காலையில் உத்தரவு வந்தது. தீட்டெல்லாம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் மட்டும், வனிலாவில் எல்லாரும் எல்லா நாளும் நிற்க வேண்டும். பூக்காலத்தில் எங்களுக்கு வனிலாவைத் தவிர வேறு வேலை ஏது? ஷெட்டைப் பூட்டினார்கள்.

ஒரு மூடநம்பிக்கையை உடைத்துவிட்டேன் என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. உண்மையில் நான் எதையும் உடைக்கவில்லை. வெற்றிலைக்கும் அது பொய்தான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது அது ஒன்றுதான், அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் என் பார்சலைப் பிரித்துக்கொண்டு போய் வழக்கமான மாமர நிழலில் உட்கார்ந்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து வேறு பக்கம் போனார்கள். யாரும் திட்டவில்லை. லொகு அக்கா மட்டும் போகிற போக்கில் நின்று, தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நங்கி, ஒனக்கு எல்லாம் தெரியும். வாய மூட மட்டும் தெரியாது."

அண்ணியும் எழுந்து போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி என் அண்ணனின் மனைவி. மேலே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் ஒரே வீட்டில் இருக்கிறோம். இந்த வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்ததே அவள்தான். இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, வனிலா வரிசையில் எனக்கு நாலு மரம் தள்ளி, கையில் ஈர்க்கோடு அப்படியே சரிந்து விழுந்தாள்.

தூக்கி உட்காரவைத்தபோதுதான் சேலை நனைந்திருப்பதைப் பார்த்தேன். அவளுக்கு ஒரு வருஷமாக அப்படித்தானாம். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஒப்பரேஷன் செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் பேர் எழுதியிருக்கிறது, கூப்பிடும்வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் போகும். அந்தப் பத்து நாளும் அவள் ஷெட்டில் உட்கார்ந்து வசவாசி கழற்றியிருக்கிறாள். எட்டுப் பெண்களில் ஏழு பேருக்கு இது தெரியும். ஒரே கூரைக்குக் கீழே தூங்குகிற, உயிரியல் படித்த எனக்குத் தெரியாது.

"ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா மொதலாளிகிட்ட போய் நிப்ப."

அவள் சொன்னது சரிதான், நான் நேராக முதலாளியிடம்தான் போனேன். அண்ணிக்கு உடம்பு சரியில்லை, ஷெட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று கேட்டேன். கட்டியைப் பற்றிச் சொல்லவில்லை, பலவீனம் என்று மட்டும் சொன்னேன்.

"நோய்னா வீட்டுல இருக்கச் சொல்லு புள்ள. பாவம்தான். நான் வேற ஆள் பாத்துக்கிறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்தத் தோட்டத்தில் நோயாளிக்கு இடம் இல்லை, தீட்டுக்காரிக்கு இருந்தது. அந்த இடத்தை நான் பலகை எழுதிப் பூட்டிவிட்டிருக்கிறேன். அண்ணனின் கூலி ஒன்றை நம்பி அந்த வீடு ஓடாது என்பது எனக்குத் தெரியும். என் மேலேயே எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாள் அலைந்தேன்.

தோட்டத்தின் கீழ்ப்பக்கம், மழைத்தண்ணீர் வடிகிற கான் ஓரத்தில், ஏழெட்டு வனிலாக் கொடிகள் மஞ்சளாகிக்கொண்டிருந்தன. தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருந்தது. மண்ணைக் கிண்டிப் பார்த்து நானே உறுதி செய்துகொண்டேன். மேட்டுக் கொடி ஒன்றுக்கும் எதுவும் இல்லை. பிறகு போய் முதலாளியைக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கொடிகளுக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இது எப்பருந்து?" என்று கேட்டார்.

"ஷெட்ட மூடின பொறகுதாங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அந்த மஞ்சள் இலையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மொதலாளி, நான் சொன்னது பெழைங்க. மறுபடி புத்தகத்தப் பாத்தேன். நான் வேற பக்கத்தப் படிச்சிட்டேன். இது வெத்தல, மொளகு குடும்பந்தான்."

என் வாயிலிருந்து அது எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மையைச் சொல்ல இலை, பூ, நரம்பு எல்லாம் தேவைப்பட்டன. பொய்க்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் அந்த இடத்திலேயே நம்பிவிட்டார்.

"எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு. மரத்தப் புடிச்சி ஏர்றது எப்புடி தென்னையோட சேரும்? சரி, போர்ட மாத்திடு. வர்றவங்க பாத்துச் சிரிக்கப் போறாங்க."

பலகையை மாற்ற வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஓர்கிட் குடும்பம் என்று மூன்று மொழியிலும் எழுதியதன் மேல் பச்சை பூசினேன். காய்ந்ததும் அதே வெள்ளைப் பெயின்டில், அதே கையால், மிளகுக் குடும்பம் என்று எழுதினேன். முதலாளி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எழுத்தை அவசரமாக இழுத்து முடித்தேன். அது கோணலாக நிற்கிறது, இப்போதும் பார்க்கலாம்.

ஷெட்டைத் திறந்தார்கள். கீழ்ப்பக்கக் கானை நானே நாலு நாள் மண்வெட்டி எடுத்து வெட்டிவிட்டேன். மஞ்சள் பரவாமல் நின்றது, அதற்கான பேரும் தீட்டுச் சட்டத்துக்குப் போனது. மாமர நிழலில் மறுபடியும் எனக்கு இடம் கிடைத்தது. லொகு அக்கா தன் பார்சலிலிருந்து ஒரு துண்டுக் கருவாட்டை எடுத்து என் சோற்றில் வைத்தாள். ஆள் குறைகிற காலைகளில் முதலாளியும் வான் சாரதியும் ஈர்க்கைப் பிடித்துக்கொண்டு வனிலாவில் நின்றார்கள். முதலாளிக்குத் தடித்த விரல், மூன்று பூவுக்கு ஒன்றைக் கிழித்துவிடுவார். கொடியின் பால் பட்டுக் கையெல்லாம் அரிப்பு வேறு. எங்களுக்குச் சிரிப்பு அடங்காது.

அண்ணிக்கு இன்னும் ஒப்பரேஷன் திகதி வரவில்லை. கிளினிக்குக்குப் போகிறாள், மருந்து கொடுக்கிறார்கள், திரும்பி வந்து ஷெட்டில் உட்காருகிறாள். நானும் மாதத்தில் மூன்று நாள் அங்கே அவளுக்குப் பக்கத்தில் உட்காருகிறேன். மற்ற நாளெல்லாம் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும், வேறு வழி இல்லை. ஓணானுக்குப் போட்ட சுருக்கில் ஓணான்தான் மாட்டும், நான் போட்ட சுருக்கில் நானே மாட்டிக்கொண்டேன். தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மாதம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, கையில் குறிப்புப் புத்தகத்தோடு, வனிலாப் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"அக்கா, இத யாரு எழுதினது? பிழையா இருக்கே."

நான் கையில் ஈர்க்கோடு நின்றேன்.

"இது மிளகுக் குடும்பம் இல்ல அக்கா. வனிலா ஓர்கிட்." கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்தாள். "வாங்க, காட்டுறேன். வெளிய மூணு, உள்ள மூணு. இந்தச் சுருண்ட இதழப் பாருங்க. மிளகுக்கு இதெல்லாம் இல்ல. மிளகு இருவித்திலை, இது ஒருவித்திலை."

நன்றாகச் சொன்னாள். நான் சொன்ன மாதிரியே சொன்னாள், அதே ஆசையோடு. மிளகை இருவித்திலை என்றதில் மட்டும் பிழை. அதைச் சொல்ல என் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்த அந்த இடம் எனக்கு மயிரிழையில் தவறியது. அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பொறாமை இருந்தது, நிறைய இருந்தது.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார்.

"என்ன புள்ள, பாப்பா சொல்றது நெசமா?"

அவருக்குப் பின்னால் ஷெட் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. அண்ணி பெஞ்சில், காலுக்குக் கீழே ஒரு பலகையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் வசவாசி கழற்றிக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எட்டாவது நாள்.

"இல்லைங்க மொதலாளி," என்றேன். "அவங்க வேற ஏதோ செடிய நெனச்சிக்கிட்டுச் சொல்றாங்க. நம்ம போர்ட் சரிதாங்க."

முதலாளி தலையாட்டிவிட்டுப் போனார். அந்தப் பெண் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பூவை மெதுவாகப் பலகையின் மேல் வைத்துவிட்டுத் தன் சிநேகிதியிடம் திரும்பினாள்.

"பாவம்டி. இவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்திருப்பாங்க?"

எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்டது. அவர்கள் கொக்கோப் பக்கம் போனார்கள். மணி பத்தரை இருக்கும், இன்னும் அந்த வரிசையில் பூக்கள் பாக்கி இருந்தன. கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அடுத்த பூவைக் கையில் ஏந்தி, ஈர்க்கால் மடலைத் தூக்கினேன். ஓர்கிட் என்று அதனிடம் சொன்னேன். அதற்கடுத்த பூவிடமும் சொன்னேன். பதினொரு மணிவரைக்கும், ஒவ்வொரு பூவிடமும், யாருக்கும் கேட்காமல் சொல்லிக்கொண்டே போனேன்.